ஸ்போர்ட்டி செடான் டெஸ்ட் டிரைவ் போகுமுன்: கோவையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சொந்தத்திலும் நண்பர்களிலும் யார் கார் வாங்கக் கிளம்பினாலும் "நீயும் கூட வா" என்று என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். கடந்த சில வருடங்களில் விர்டஸ், ஸ்லாவியா, வெர்னா டர்போ என்று இந்த மூன்று கார்களையே பலமுறை, சில சமயம் ஓட்டுபவனாகவும் சில சமயம் பின் சீட்டில் உட்கார்ந்தவனாகவும் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பதினைந்து லட்சத்துக்கு மேல் போடும் ஒரு பொருளை பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஸ்கோடா ஸ்லாவியாவும் ஃபோக்ஸ்வேகன் விர்டஸும் 2022-ல் வந்தவை. புனே பக்கத்தில் சாக்கன் தொழிற்சாலையில் செய்யப்படும் இரட்டைப் பிறவிகள். முகமும் உள் அலங்காரமும் வேறு, அடித்தளமும் இன்ஜினும் ஒன்று. ஹூண்டாய் வெர்னாவின் இப்போதைய தலைமுறை 2023 மார்ச்சில் வந்தது, நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது.

இந்த மூன்றிலுமே பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இரண்டு வேறு கார்கள் இருக்கின்றன. விர்டஸ், ஸ்லாவியாவில் 3 சிலிண்டர் 1.0 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிக் கூடுதல் சக்தி எடுக்கும் இன்ஜின்) இருக்கிறது, 115 பிஎஸ் சக்தி, 178 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை. அதே காரில் 4 சிலிண்டர் 1.5 லிட்டர் டர்போவும் இருக்கிறது, அது 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். வெர்னாவில் டர்போ இல்லாத 1.5 லிட்டர் 115 பிஎஸ், 144 நியூட்டன் மீட்டர். டர்போ என்றால் 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர். ஓட்டும்போது இந்த வித்தியாசம் வலது காலுக்கு உடனே தெரியும். அதனால் போனில் பேசும்போதே "வெர்னா ஓட்டிப் பார்க்கணும்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த இன்ஜின், எந்த கியர் என்று சொல்லி, அந்த டெமோ கார் அன்றைக்கு ஷோரூமில் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சொல்லாமல் போனால் அன்று எது நிற்கிறதோ அதைத்தான் எடுத்துத் தருவார்கள், "ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒன்று இல்லை.

கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

லைசென்ஸ். டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும். எல்எல்ஆர் வைத்திருப்பவருக்கு ஓட்டத் தர மாட்டார்கள், கேட்கவும் கேட்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய் என்பதைவிட, ஏதாவது ஆனால் காப்பீடு கைவிட்டுவிடும் என்பதுதான் பெரிய விஷயம். ஷோரூமில் லைசென்ஸ் நகல் எடுத்துக்கொண்டு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதைப் படித்துவிட்டுப் போடுங்கள், அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அப்புறம், வழக்கமாகக் கார் ஓட்டும்போது போடும் அதே செருப்போ ஷூவோ போட்டுப் போங்கள். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு போங்கள். குழந்தைக்கு சீட் வைத்திருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு போங்கள், பின் சீட்டில் அதை மாட்டிப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

எந்த நாள், எந்த நேரம் நல்லது?

சனி, ஞாயிறு வேண்டாம். அடுத்த குடும்பம் சோபாவில் காத்திருக்கும், சேல்ஸ் ஆளின் கண் கடிகாரத்தில் இருக்கும், உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சுற்று. வார நாளில் ஒரு நாள் லீவு போடுவது தகும். நான் சொல்வது மதியம் இரண்டரை மணி. வெயிலில் நின்ற காரில் ஏறினால்தான் ஏசி எவ்வளவு நேரத்தில் குளிர்விக்கிறது, பின் சீட்டுக்குக் காற்று போகிறதா என்பதெல்லாம் தெரியும். ஏசியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டே கிளம்பும்போது கார் இழுக்கிறதா என்றும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

அவர்கள் சொல்லும் ரூட்டிலேயே ஓட்ட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

அவினாசி சாலையில் ஷோரூம் இருந்தால் வழக்கமான ரூட் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்: வெளியே வந்து நேராகப் போய், ஒரு யூ டர்ன் போட்டு, திரும்பி வந்து நிறுத்துவது. 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்த பிறகு, மேலே ஏற்றிக் கூட்டிப்போகும் ஆசை எல்லாருக்கும் வந்துவிட்டது. புது ரோடு, சிக்னல் கிடையாது, குழி கிடையாது. அங்கே எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். ஆனால் வாங்கிய பிறகு நீங்கள் தினம் ஓட்டப்போவது பாலத்துக்குக் கீழே, லட்சுமி மில்ஸ், ஹோப் காலேஜ் பக்கம், ஒரு பக்கம் பஸ்ஸும் இன்னொரு பக்கம் ஸ்கூட்டரும் உரசிக்கொண்டு நிற்கும் நெரிசலில். ஆகவே ஒரு தரம் கீழேயே ஓட்டுங்கள், பிறகு வேண்டுமானால் மேலே ஏறிப் பாருங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. டெமோ காரை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பல ஷோரூம்கள் கொண்டுவருகின்றன. உங்கள் தெரு வேகத்தடை, உங்கள் கேட் அகலம், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவு, அங்கே தூணுக்கும் தூணுக்கும் நடுவில் உங்கள் பார்க்கிங், எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். இந்தக் கார்கள் எல்லாமே நாலரை மீட்டருக்கு மேல் நீளம். ஸ்விஃப்ட் மாதிரி காரிலிருந்து மாறுபவர்களுக்கு அந்த நீளம் முதல் வாரம் பயமுறுத்தும்.

ஓட்டும்போது எதையெல்லாம் பார்ப்பது?

முதலில் ஓட்டாதீர்கள். சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்து, ஸ்டீயரிங்கை மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்த்தி, கண்ணாடிகளைச் சரி செய்யுங்கள். சேல்ஸ் ஆள் அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள். செடான் என்றால் உட்காரும் உயரம் குறைவு, எஸ்யூவியிலிருந்து வருபவர்களுக்கு ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் வலது திருப்பத்தில் எவ்வளவு மறைக்கிறது என்று பாருங்கள். அந்த மறைவில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் முழுசாக ஒளிந்துகொள்ளும். பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். டெமோ காரில் ஏறியதும் பாட்டு ஓடும், அது இன்ஜின் சத்தத்தையும் டயர் சத்தத்தையும் மூடிவிடும்.

கிளம்பியதும் மெதுவாக ஊருங்கள். இந்த மூன்று கார்களின் 1.5 டர்போவிலும் ஆட்டோமேட்டிக் என்பது 7 கியர் டபுள் கிளட்ச். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7-ஐப் பார்த்துக்கொள்ளும், இன்னொன்று 2, 4, 6-ஐப் பார்த்துக்கொள்ளும், அதனால் ஓடும்போது கியர் மாறுவது கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். ஆனால் இது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். நெரிசலில் ஊரும்போது உள்ளே கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்கிறது, சூடாகிறது, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது சில சமயம் ஒரு சின்ன உதறல் வரும். பிரேக்கை விட்டால் கார் தானாக மெல்ல நகர வேண்டும், திரும்பப் பிரேக், திரும்ப நகர்வு, இப்படி ஒரு பத்து முறை செய்து பாருங்கள். அந்த உதறலோடு உங்களால் தினமும் வாழ முடியுமா என்பதை அந்தப் பத்து முறையில் உங்கள் உடம்பே சொல்லிவிடும். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை, ஆனால் என் மச்சானுக்கு அந்தக் கார் வேண்டாம் என்று சொல்ல அது ஒன்றே போதுமாக இருந்தது.

அடுத்து சரிவு. ஏதாவது ஒரு ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டருக்கு மாற்றுங்கள். கார் பின்னால் உருளாமல் இரண்டொரு விநாடி பிடித்துக்கொள்ள வேண்டும். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே ஏற்றத்தில் நிற்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இந்த கியர்பாக்ஸுக்காக அதை விட்டுவிடுங்கள், அது கிளட்ச்சைத் தேய்த்துவிடும்.

பிறகுதான் பிக்கப். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பஸ்ஸை ஓவர்டேக் செய்யும்போது உங்களுக்குத் தேவைப்படுவது 40-லிருந்து 80. அதைத்தான் சோதிக்க வேண்டும். காலியான இடத்தில் 40-ல் போய்க்கொண்டே மிதியுங்கள். கியர் கீழே இறங்க ஒரு கணம், டர்போ விழிக்க ஒரு கணம், அப்புறம் ஒரே தள்ளாகத் தள்ளும். அந்த இடைவெளி எவ்வளவு என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். எதிரே லாரி வரும்போது அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஸ்போர்ட் மோடில் போட்டு அதையே திரும்பச் செய்யுங்கள், இடைவெளி சுருங்கும்.

கடைசியாகப் பிரேக். இதை நான் பார்த்தவரை யாருமே செய்வதில்லை. பின்னால் வண்டி இல்லை என்று கண்ணாடியில் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, 60-லிருந்து அழுத்திப் பிடியுங்கள். கார் நேராக நிற்கிறதா, மூக்கு எவ்வளவு குனிகிறது, பெடல் எந்த இடத்தில் கடிக்கிறது என்பதெல்லாம் அந்த மூன்று விநாடியில் தெரியும்.

ஸ்போர்ட்டி கார்தானே, ஒரு தடவை 140 போய்ப் பார்க்கலாமா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பழகாத கார், பழகாத பிரேக், பக்கத்தில் ஒரு இளம் சேல்ஸ் பையன், சுற்றிலும் சைக்கிளில் போகிறவர்கள். கேமராவில் சிக்கினால் செலான் ஷோரூம் பெயரில் வந்து பிறகு உங்களைத் தேடும், ஆனால் அது இதில் ரொம்பச் சின்ன விஷயம்.

கார் ரேஸ் நம் ஊரின் ரத்தத்தில் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் வளர்ந்த ஊர் இது. செட்டிபாளையத்தில் ரேஸ் வீரர் கரிவரதன் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் தடம் இருக்கிறது. வேகம் வேண்டுமென்றால் அதற்கு அங்கே இடம் இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கும். ரோட்டில் ஒரு செடானின் ஸ்போர்ட்டி குணம் 50, 60 வேகத்திலேயே தெரிந்துவிடும்: ஒரு வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் உடனே கேட்கிறதா, உடம்பு எவ்வளவு சாய்கிறது, நடுவில் ஒரு பள்ளம் வந்தால் கார் நிலை குலைகிறதா. விர்டஸ், ஸ்லாவியாவில் அந்த வளைவு எனக்கு மிகவும் பிடிக்கும். வெர்னா டர்போ நேர் ரோட்டில் இன்னும் வேகமாகப் பாயும்.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

தினமும் காந்திபுரம் வழியாக வேலைக்குப் போகிறவர் என்றால் ஆட்டோமேட்டிக். மாதம் இரண்டு முறை வால்பாறை, கோத்தகிரி என்று ஏறுபவர் என்றால் மேனுவலை ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். வெர்னா டர்போவிலும் விர்டஸ் 1.5-லும் 6 கியர் மேனுவல் வந்திருக்கிறது. வால்பாறை மலை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரில் இந்த இன்ஜின்கள் ஏறுவது தனி சுகம். சிக்கல் என்னவென்றால் மேனுவல் டெமோ கார் கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் அடுத்த ஊர் ஷோரூமில் கேளுங்கள், திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ போய்வர ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான்.

குடும்பத்தையும் கூட்டிப்போக வேண்டுமா?

கண்டிப்பாக. இதை நான் பட்டு அறிந்தேன். சில வருடம் முன்பு நான் வாங்கிய முதல் செடானை நானும் நண்பனும் மட்டும் போய் ஓட்டிப் பார்த்தோம். கார் டெலிவரி ஆன வாரம் அப்பா, அம்மா, மனைவி, பையன் என்று ஐந்து பேர் ஏறி, டிக்கியில் சாமானோடு, பேரூர் கோயிலுக்குக் கிளம்பினோம். தெருமுனை வேகத்தடையில் அடி தட்டியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கோயில் வாசலில் அப்பாவால் பின் சீட்டிலிருந்து எழவே முடியவில்லை. சீட் அவ்வளவு தாழ்வு, அவருக்கு முழங்கால் வலி. நான்கு வருடம் அந்தக் கார் இருந்தது, ஒவ்வொரு முறையும் நான் இறங்கிப் போய்க் கைகொடுத்துத்தான் அவரை எழுப்புவேன். அவர் ஒரு நாளும் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம்.

ஆகவே காரில் வழக்கமாக ஏறப்போகிற எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். விர்டஸின் தரை இடைவெளி 179 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும். அது ஆள் ஏறாத காருக்கு, ஐந்து பேர் ஏறினால் குறையும். உங்கள் தெருவின் மோசமான வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பெரியவர்களை இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள், தலை மேலே இடிக்கிறதா என்று பாருங்கள், நடுவில் ஒருவரை உட்காரவைத்து அவர் காலுக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். டிக்கி விர்டஸில் 521 லிட்டர், வெர்னாவில் 528, இரண்டுமே பெரிசு. இருந்தாலும் திறப்பின் வாய் வழியாக உங்கள் பெட்டி நுழைகிறதா என்பது வேறு கேள்வி, வீட்டிலிருந்தே பெரிய பெட்டியைக் கொண்டுபோங்கள்.

ஓட்டப்போவது நான், ஆனால் ஷோரூமில் என் கணவரிடம்தான் பேசுகிறார்கள். என்ன செய்வது?

என் தங்கைக்கு இதுவே நடந்தது. லைசென்ஸ் அவளுடையது, பணம் அவளுடையது, ஆனால் சாவியை என்னிடம் நீட்டினார்கள், "மேடம் பின்னாடி உட்காருங்க" என்றார்கள். அவள் சாவியை வாங்கிக்கொண்டு "நான்தான் ஓட்டறேன், கேள்வியும் நான்தான் கேட்பேன்" என்று சொன்ன பிறகு ஒழுங்காகப் பேசினார்கள். அப்பாயின்ட்மென்டை உங்கள் பெயரில், உங்கள் நம்பரில் போடுங்கள். கூட வருபவரைப் பின் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மாறாவிட்டால் வேறு ஷோரூம் பாருங்கள், சர்வீஸுக்கும் இவர்களிடம்தானே வரவேண்டியிருக்கும்.

ஏடாஸ் என்கிறார்களே, அதை எப்படிச் சோதிப்பது?

ஏடாஸ் என்றால் ஓட்டுபவருக்குத் தானாக உதவும் வசதிகள், வெர்னாவின் மேல் வேரியன்ட்களில் இருக்கிறது. ரோட்டில் போட்ட லேன் கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைத் திருப்பி இழுக்கும், முன்னால் மோதப்போகிறது என்று நினைத்தால் எச்சரித்து, தேவைப்பட்டால் தானே பிரேக் பிடிக்கும். நம் ரோட்டில் பைக்குகள் குறுக்கே வெட்டும்போது அது அடிக்கடி பதறும். சேலம் போகிற நான்கு வழிச் சாலையில் உதவி, ஒப்பணக்கார வீதியில் தொந்தரவு. சோதிக்கவென்று எதன் மீதும் நேராக ஓட்டாதீர்கள். எதை எப்படி அணைப்பது, எது அடுத்த முறை ஸ்டார்ட் செய்தால் தானாகத் திரும்ப வரும் என்று காட்டச் சொன்னால் போதும்.

பாதுகாப்பை ஓட்டிப் பார்த்தால் தெரியுமா?

தெரியாது. கதவை மூடும் "தப்" சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் சோதனையில் 2023-ல் இந்த மூன்றுமே 5 நட்சத்திரம் வாங்கின. ஆனால் விர்டஸ், ஸ்லாவியாவின் கூடு (ஆட்களைச் சுற்றியிருக்கும் காரின் உடல்) நிலையானது என்றும் வெர்னாவின் கூடு நிலையற்றது என்றும் அதே சோதனையில் மதிப்பிட்டார்கள். என் வரையில் இது முக்கியமான வித்தியாசம்.

மைலேஜ்?

வெர்னா டர்போ ஆட்டோமேட்டிக்குக்கு 20.6 என்று அறிவித்திருக்கிறார்கள். அது ஆய்வகக் கணக்கு. ஊருக்குள் நெரிசலில் அதில் பாதி கிடைத்தால் சரி என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள். டெமோ காரின் மீட்டரில் தெரியும் மைலேஜைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதை ஓட்டியவர் எல்லாரும் மிதித்துத்தான் ஓட்டியிருப்பார்கள்.

டெஸ்ட் டிரைவில் காருக்கு அடிபட்டால் யார் பணம் கட்டுவது?

டெமோ காருக்குக் காப்பீடு இருக்கும். ஆனால் காப்பீட்டில் வராத பகுதியை நீங்கள் தர வேண்டும் என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் ஒரு வரி இருக்கலாம், அதற்குத்தான் முதலிலேயே படிக்கச் சொன்னேன். ஏறுமுன் காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே இருந்த கீறல் உங்கள் கணக்கில் வராது. சீட் பெல்ட் பின் சீட்டிலும் போடுங்கள்.

ஓட்டி முடித்ததும் "இன்னைக்கே புக் பண்ணினா ஆஃபர்" என்றால்?

எழுதித் தரச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஆன் ரோடு விலையை வரிவரியாகப் பிரித்து வாங்குங்கள். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்குச் சாலை வரி 18 சதவீதம், 20-ஐத் தாண்டினால் 20 சதவீதம். 10 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். காப்பீட்டை வெளியிலும் எடுக்கலாம், அவர்களிடம்தான் எடுக்க வேண்டும் என்பது கிடையாது. வெளியில் ஒரு விலை கேட்டுவிட்டுப் பேசினால் அவர்கள் விலை இறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது முறை ஓட்டக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

நினைத்தால் நினைக்கட்டும். முதல் முறை புது வாசனையிலும் திரையின் பளபளப்பிலும் பாதி நேரம் போய்விடும். முடிந்தால் இரண்டு கார்களையும் ஒரே நாளில், ஒரே ரூட்டில் ஓட்டுங்கள், இறங்கியதும் போனில் உங்கள் குரலிலேயே தோன்றியதைப் பதிவு செய்யுங்கள், மறுநாள் எல்லாம் குழம்பிவிடும்.

தங்கை முதல் நாள் வெர்னா டர்போவை ஓட்டிவிட்டு அதுதான் என்று முடிவே செய்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துச் சாயங்காலம் ஆறு மணிக்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பையனைப் பின்னால் உட்காரவைத்து, சிங்காநல்லூர் சிக்னல் வழியாக அதையும் ஸ்லாவியாவையும் அடுத்தடுத்து ஓட்டினாள். காரில் ஏறினாலே வயிற்றைப் பிரட்டும் பையன் அவன். ஸ்லாவியாவில் திரும்பி வரும்போது பின்னால் சத்தமே இல்லை, பார்த்தால் தூங்கிவிட்டிருந்தான். மறுநாள் காலையில் அவள் ஸ்லாவியாவை புக் செய்தாள்.